சென்றியில் மட்டும் படுத்துக்கொள்ளும் பைக்

எங்கள் வீட்டுக்காரரின் மோட்டார்சைக்கிள் வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். இவருக்கு முன் அதை வாங்கியவர், வைத்திருந்தவர், விற்றவர் எல்லோரும் மவுத்தாகிவிட்டார்கள். அது மட்டும் உயிரோடு இருந்தது. கலியாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தபோது அதிலேதான் வந்து இறங்கினார். மருதமுனைக் கைத்தறிச் சாரன்களைப் பின்னால் மூட்டையாகக் கட்டிக்கொண்டு சந்தை சந்தையாகப் போய் விற்பதும் அதிலேதான். காலையில் வாசலில் ஒரே உதை, இஞ்சின் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அந்தப் பெருமையெல்லாம் சென்றி வரைக்கும்தான்.

தொண்ணூறுகளில் கல்முனைப் பக்கம் ஓடித்திரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஆமிக்காரர் காவல் நின்று சோதிக்கிற சென்றி வந்தால் கொஞ்சத் தூரம் முன்னாலேயே இஞ்சினை நிப்பாட்டி, இறங்கி, பைக்கைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, அந்தப் பக்கம் போன பிறகுதான் திரும்ப ஸ்டார்ட் பண்ணலாம். எனக்கு ஆசிரியை நியமனம் கிடைத்த பள்ளிக்கூடம் வயல்களுக்கு அங்கால் இருந்தது. காலையில் பஸ் கிடையாது. வழியில் ஒரு சென்றி. வீட்டில் ஒரே உதையில் எழும்புகிற பைக், அந்தச் சென்றியைத் தாண்டியதும் பல நாள் என்ன செய்தும் எழும்பாது. இவர் உதைப்பார், உதைப்பார், கால் சோர்ந்து போகும் வரை உதைப்பார். சென்றிக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவும் கூடாது. "போ, போ" என்று ஆமிக்காரன் கத்துவான். போக மாட்டோம் என்றா நிற்கிறோம்? முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு நானும் பின்னாலிருந்து தள்ளுவேன். பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது முதலாம் பாடம் முடிந்திருக்கும்.

நியமனம் இன்னும் நிரந்தரமாகவில்லை, இப்படிப் பிந்தினால் மேலே அறிவிக்க வேண்டி வரும் என்று பள்ளிக்கூட அதிபர் சொல்லிவிட்டார். அவரையாவது சமாளிக்கலாம், வாப்பாவைச் சமாளிக்க முடியாது. துவக்குக்கு முன்னால் மகள் நடுறோட்டில் நிற்கிறாள் என்ற நினைப்பு அவருடைய நித்திரையைக் கெடுத்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "இன்னொருக்கா அங்க மறிபட்டு நிண்டீங்க எண்டு கேள்விப்பட்டா, இந்த வேல வேணாம் மகள். நானே அதிபரிட்டப் போய்ச் சொல்லிருவன்." வாப்பா சொன்னால் செய்கிற ஆள். விழுந்து விழுந்து படித்து எடுத்த வேலை ஒரு இரும்புக் கழுதையால் போவதா?

இவர் பின்னேரம் தோறும் காபரேற்றரைக் கழற்றிப் பெற்றோலில் கழுவிப் பூட்டினார். பிளக்கை மாற்றினார். கராஜுக்குக் கொண்டுபோனால், மெக்கானிக் ஆற அமரத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்து உதைப்பார். ஒரே உதை, பைக் ஸ்டார்ட். பைக்குக்கு ஒரு நோயும் வருத்தமும் இல்லை என்று சிரித்து அனுப்பிவிடுவார்.

சும்மா நிற்பவளுக்குத்தானே எல்லாம் கண்ணில் படும்? சென்றியில் வரிசை நீண்டுகிடந்தால் எல்லோரும் வாய்க்குள் ஏசுவார்கள். அந்த நாள்களில்தான் எங்கள் பைக் நல்ல பிள்ளையாக எழும்பியது. ஆளில்லாமல் உடனே விட்ட நாள்களில்தான் எங்கள் மானம் கப்பலேறியது. வரிசையில் நிற்க நிற்க இஞ்சின் ஆறுகிறது. வாசலிலும் ஆறித்தான் கிடக்கிறது. மெக்கானிக் தேத்தண்ணி குடித்து முடிக்கும்போதும் ஆறித்தான் போகிறது. அப்படியென்றால் சூட்டில்தான் ஏதோ இருக்கிறது. இவரிடம் சொன்னேன்.

"நீ பிள்ளையளுக்குப் படிச்சுக் குடு புள்ள, பைக்க நான் பாக்கன்" என்றார்.

வந்ததே எனக்கு ஆத்திரம். அன்று பின்னேரம் அஸர் தொழுத கையோடு பின்னால் ஏறி உட்கார்ந்து, காரைதீவு வரைக்கும் ஓடச் சொன்னேன். திரும்பி வந்து, நேரே கராஜுக்குள் கொண்டுபோய் நிப்பாட்டச் செய்தேன். தேத்தண்ணி பிறகு குடிக்கலாம், இப்போதே உதையுங்கள் என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். உதைத்தார். வியர்த்தார். பிளக்கைக் கழற்றி இஞ்சின்மேல் வைத்து உதைத்துப் பார்த்தார், பொறி வரவில்லை. பெற்றோல் தாங்கிக்கு அடியில், பிளக்குக்குக் கரண்ட் அனுப்புகிற கொயிலைத் தொட்டவர் கையை வெடுக்கென்று இழுத்தார். துணியொன்றை நனைத்து அதன்மேல் போட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்து உதைத்தார். நீலமாகப் பொறி பறந்தது. வயதுபோன கொயிலாம். ஓடும்போது சமாளிக்குமாம், சூட்டோடு நிப்பாட்டினால் திரும்ப எழும்பாதாம். புதியது கொழும்பிலிருந்துதான் வர வேண்டும்; அதுவரைக்கும் ஈரத்துணிதான் மருந்து. வீட்டுக்கு வரும் வழியில் நான் சொல்லிக்காட்டவில்லை. கொஞ்சம்தான் சொல்லிக்காட்டினேன்.

அடுத்த நாள் சென்றியில் ஒரு காக்கை குருவி இல்லை, உடனே விட்டுவிட்டார்கள். அந்தப் பக்கம் போனதும் பையிலிருந்து ஈரத்துணியைச் சுருட்டி எடுத்து, குனிந்து, தாங்கிக்கு அடியில் செருகினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஆமிக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, பொம்பிளை ஒருத்தி சுருட்டிய எதையோ பைக்குக்குள் ஒளித்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒருவன் துவக்கை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான். இவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். எனக்கு, சாகும்போது சொல்கிற கலிமா வாயில் வந்துவிட்டது. எடுக்கச் சொல்லிக் கையால் காட்டினான். எடுத்துக் கொடுத்தேன், துணியிலிருந்து தண்ணீர் அவனுடைய சப்பாத்தில் சொட்டியது.

இவருக்குத் தெரிந்தது சந்தையில் சாரன் விற்கிற சிங்களம். அதை வைத்துக்கொண்டு, பைக்குக்குக் காய்ச்சல் என்றார். அவன் துணியைப் பார்த்தான், பைக்கைப் பார்த்தான். பிறகு குனிந்து கொயிலைத் தொட்டு விரலை உதறினான். சிரித்துவிட்டான். துணியை அவனே திரும்பச் செருகி, பொறுங்கள் என்று கையைக் காட்டினான். அந்த இடத்தில் எங்களை நிற்கச் சொன்னது அன்றைக்குத்தான். நின்றோம். பிறகு இவர் ஒரே உதை. பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டம் தொடங்க முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

பின்னேரம் நாங்கள் வீடு வரும் முன்னமே கதை வந்துவிட்டது: மகள் எதையோ பைக்குக்குள் ஒளித்தாளாம், ஆமிக்காரன் துவக்கோடு மறித்தானாம். வாப்பா அதிபரிடம் போகச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் வாயைத் திறக்க முன்னம் இவர் முன்னால் போனார். மாமனாரின் முகத்தைப் பார்த்துக் கதைக்காத மனுஷன்.

"மாமா, இவவ வேலைய விடச் சொல்லாதீங்க. நான் இவ்வளவு நாளும் பிழையான இடத்தத்தான் கழுவிக்கிட்டு இரிந்திரிக்கன். வருத்தத்தக் கண்டுபிடிச்சது உங்கட மகள்தான். இவவும் இவட ஈரத்துணியும் இல்லாட்டி இந்த பைக்க எழுப்ப எனக்கு ஏலா."

வாப்பா உள்ளே போய்ச் சேர்ட்டைக் கழற்றி ஆணியில் கொழுவினார்.

மறுநாள் விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு வெளியே வந்தேன். கிணற்றடியில் வாப்பா துணியை நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தார். அதைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

"ஒளிச்சு வெக்காத மகள். அவனுக்குக் காட்டிட்டு வை."