அம்மா பங்கு வைத்த சேலைகள்

இறந்தவரின் சேலைகளைப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் வீட்டுப் பெண்கள் பிரித்து எடுத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் அன்னையார் மறைந்த பதினாறாம் நாளில் பெட்டியைத் திறந்தோம். பிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. உயிரோடு இருக்கும்போதே அம்மா எல்லாவற்றையும் பங்கு வைத்து முடித்திருந்தார்கள். அது ஏன் என்று பலரும் பல விதமாகப் பேசியதால், முதலாம் ஆண்டு நினைவு நாளில் மகள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அம்மா நாங்குநேரிப் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்தவர்கள். அப்பாவைக் கைப்பிடித்து மும்பை தாராவிக்கு வந்தார்கள். அப்பாவுக்குத் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. அம்மா வீட்டில் இருந்தபடியே அந்தப் பைகளுக்கு ஜிப் தைத்துக் கொடுத்தார்கள். நான் மூத்தவள். எனக்குப் பின் தம்பி செல்வம். பிறந்தபோது அவன் அழவில்லை. வளர்ந்த பிறகும் நடக்கவில்லை, பேசவில்லை. உட்கார்ந்தபடியே நகர்வான். ஊட்டிவிட்டால்தான் சாப்பிடுவான். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டார்கள்.

"கல்யாணத்துக்கு வாங்க, ஆனா அவன எங்கயாவது விட்டுட்டு வாங்க" என்று சொன்ன சொந்தங்கள் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். இந்த நினைவு மலரை அவர்களும் கையில் வைத்திருப்பார்கள். அம்மா சண்டை போடவில்லை. கல்யாணங்களுக்குப் போவதையே விட்டுவிட்டார்கள். தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு செம்பூரில் இருந்த சிறப்புப் பள்ளிக்கு மட்டும் ரயிலேறிப் போவார்கள். அங்கே ஒரு டீச்சர் ஒருநாள் சொன்னாராம்: "அம்மா, உங்க கையால மட்டும் சாப்பிட்டுப் பழகிட்டா பின்னால ரொம்பக் கஷ்டம். வேற ஆளுங்களையும் ஊட்ட விடுங்க."

"எங் கைக்கு என்ன கொறச்சல் டீச்சர்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார்கள் அம்மா. அந்தப் 'பின்னால' என்ற சொல்லை அவர்கள் வீட்டுக்குள் அண்டவே விடவில்லை. தம்பி கனத்துப் போனான், பள்ளி நின்றது. ஊட்டும் கை மட்டும் மாறவேயில்லை.

பின்னால என்பது ஒருநாள் வந்தது. அம்மாவுக்கு வயிற்றுவலி தாங்காமல் அக்கம்பக்கத்தார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். என்னைக் கட்டிக்கொடுத்த வாஷியிலிருந்து நான் ஓடிவந்து சோறு பிசைந்து ஊட்டினேன். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டான். மறுநாளும் அப்படியே. தண்ணீர்கூட இறங்கவில்லை. அவன் உதடு வெடித்துப்போனது. மாற்றுத் துணி கொண்டுவராததால் குளித்துவிட்டு, கொடியில் கிடந்த அம்மாவின் சேலையைச் சுற்றிக்கொண்டு அவனருகில் உட்கார்ந்தேன். அவன் முந்தானையைப் பிடித்து இழுத்தான். கசக்கி மூக்கில் வைத்துக்கொண்டான். வாயைத் திறந்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போய் அம்மாவிடம் இதைச் சொன்னேன். சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். அம்மாவின் முகம் இருண்டது. "சேலைதானா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டபோது, "வெறும் கேஸ் டிரபிள்தானாம்" என்றார்கள். அது பொய் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மா செய்தவை எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு சேலையாக உடுத்தி, துவைக்காமலே மடித்து, சந்தில் உள்ள பெண்களிடம் கொடுத்தார்கள். எதிர்வீட்டு மும்தாஜ் அக்காவுக்கு ஒன்று, பக்கத்து வீட்டு சுனந்தா தாய்க்கு ஒன்று; தாய் என்றால் மராத்தியில் அக்கா. இதை உடுத்திக்கொண்டு வந்து தம்பிக்கு ஒருவேளை ஊட்ட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. சுனந்தா தாய் சல்வாருக்கு மேலேயே சுற்றிக்கொண்டு வந்து, "கா லே பேட்டா" என்று இந்தியில் சாப்பிடச் சொல்வார். அவன் முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிடுவான். நைட்டி போடுகிறவர்களை நையாண்டி செய்த அம்மா, கடைசியில் தாமே நைட்டிக்கு மாறினார்கள்.

செம்பூர்ப் பக்கம் சீத்தா கேம்ப்பிலிருந்து அத்தை வந்து பார்த்துவிட்டுப் பதறினார். "என்ன மைனி இது, உசிரோட இருக்கையிலயே உடுத்துன சேலையப் பங்கு வைக்கிய? வீட்டுக்கு ஆகாதுல்லா!"

"ஆகாதுதான் தாயி. போன பொறவு வந்து குடுக்க முடியுமா, நீயே சொல்லு."

அத்தை அன்று சாப்பிடாமலே போய்விட்டார்.

கடைசி நாள் காலையில் மும்தாஜ் அக்கா ஊட்டிக்கொண்டிருந்தார். அம்மா நைட்டியில், சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி அவர்கள் பக்கம் திரும்பவேயில்லை. "பாத்தியா மும்தாஜு, என்னயத் தேடல" என்றார்களாம். அக்கா தட்டைக் கழுவிவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மாமா வீட்டுக் கோடிச் சேலையைப் போர்த்தி அம்மாவைக் கிடத்தியிருந்தோம். தம்பி நகர்ந்து வந்தான். அந்தப் புதுச்சேலையை இழுத்து முகர்ந்தான். கீழே போட்டுவிட்டு, அம்மாவின் சேலையில் இருந்த மும்தாஜ் அக்கா மடிக்குப் போய்விட்டான். கூடியிருந்தவர்கள் கதறினார்கள். அம்மா நினைத்தது நடந்துவிட்டது. எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அந்தப் பயம் இன்னும் போகவில்லை. தம்பியோடு நான் இப்போது அம்மாவின் வீட்டிலேயே தங்கியிருக்கிறேன். சேலைகள் நைந்துகொண்டு வருகின்றன. மும்தாஜ் அக்கா துவைக்கப் பயந்து வெயிலில் காயவைத்தே உடுத்துகிறார். போன மாதம் தம்பி வெகுநேரம் முகர்ந்துகொண்டே இருந்தான், அதன் பிறகே வாயைத் திறந்தான். தாராவியை இடித்துக் கட்டுவதற்காகச் சந்தில் எல்லாக் கதவுகளிலும் ஆட்கள் வந்து எண் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். வீடுகளை இடித்தால் யாருக்கு எங்கே இடம் கிடைக்கும் என்று எவருக்கும் தெரியாது. சுனந்தா தாய் இப்போதே விக்ரோலியில் வாடகைக்குப் பார்க்கிறார். நான் தம்பியை வாஷிக்குக் கூட்டிப்போகலாம், போவேன். ஆனால் ஒரு கை அவனுக்குப் போதாது என்பதை அம்மாவே வாழ்நாள் முழுதும் தவறாகச் செய்துபார்த்துத்தான் கற்றார்கள்.

இந்த ஓராண்டாக முறைவைத்து வந்து ஊட்டிய சந்துப் பெண்களுக்கும், கோபித்துக்கொண்டு போனாலும் மறு வாரமே வந்து தமக்கும் ஒரு சேலை கேட்டு வாங்கிக்கொண்ட அத்தைக்கும், எங்கள் குடும்பம் தலைவணங்குகிறது. தமிழ் வாசிக்கத் தெரியாத நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு யாராவது இதைப் படித்துச் சொல்லுங்கள்.

இன்று பந்தியில் தம்பியும் உட்காருவான். சேலை இல்லாமலும் அவன் சாப்பிடப் பழக வேண்டும் என்று, அம்மாவின் சேலையை இன்று நாங்கள் யாரும் உடுத்தவில்லை. உங்களில் ஒருவர் அவனருகில் உட்காருங்கள். உங்கள் முந்தானையையோ துண்டையோ அவன் இழுப்பான், இழுக்கட்டும். முகர்ந்துவிட்டு வாயைத் திறக்காமலும் இருக்கலாம். தயவுசெய்து எழுந்து போய்விடாதீர்கள்.