எத்திராஜின் ஹேண்ட்பிரேக்

வண்டி முழுதாக நிற்பதற்கு முன்பே எத்திராஜ் குரல் கொடுத்துவிடுவார். "கல்லு மே." பின்னால் சிமெண்டு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வரும் அவர் மனைவி வள்ளி அதற்குள் கீழே குதித்திருப்பார். கையில் ஆப்பு வடிவக் கருங்கல் ஒன்று. குவாரியில் உடைத்துக் கழித்த துண்டு. தேய்ந்த ஃபேன்பெல்ட்டைச் சுற்றிக் கட்டி அதற்கு ஒரு கைப்பிடி செய்திருந்தார்கள். பின்சக்கரத்துக்குக் கீழ்ப்பக்கம், ஒரு விரற்கடை இடைவெளி விட்டுக் கல்லை வைத்துவிட்டு வள்ளி விலகி நின்று, "ஆச்சு" என்பார். எத்திராஜ் மிதியிலிருந்து காலை எடுப்பார். வண்டி அந்த விரற்கடையைப் பின்வாங்கி, கல்லின் மேல் சாய்ந்து ஒரு முனகல் முனகும். அதைக் கேட்ட பிறகுதான் எத்திராஜ் இறங்குவார்.

"என்னிய டிரைவர்னு எழுதாதீங்க சார். வண்டிய மலையேத்தறதுதான் நானு. நிறுத்தறது அவ."

எழுதும் வேலை என்னுடையது. அது 2004. சித்தூர் மாவட்டத்துக் குன்றுகள் ஒவ்வொன்றின் தலையிலும் செல்போன் கோபுரம் முளைத்துக்கொண்டிருந்தது. அவற்றை எழுப்பும் ஒப்பந்தக்காரரின் திருப்பதி அலுவலகத்தில் எனக்கு வேலை. சிமெண்டும் கம்பியும் டீசலும் மேலே கொண்டுபோகும் வண்டிகளைச் சோதித்துப் படிவம் நிரப்ப வேண்டும். எனக்கு சைக்கிள் மட்டுமே ஓட்டத் தெரியும். படிவத்தில் இருபத்து நான்கு வரிகள். பதினேழாவது வரி ஹேண்ட்பிரேக். ஜன்னலோரம் நின்று "பிடிக்குமா?" என்று கேட்பேன். "பிடிக்கும் சார்" என்பார்கள். டிக் போடுவேன். கேள்வி ஒன்றும் பதில் ஒன்றும் இருந்ததால் அதைச் சோதனை என்றே நெடுநாள் நம்பியிருந்தேன்.

அந்தக் கேள்விக்கு "பிடிக்காது சார்" என்று சொன்ன ஒரே ஆள் எத்திராஜ்.

நகரிக்கு அருகே எல்லைக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். அப்பாவுக்கு நிலம் இல்லை. அடுத்தவர் மாட்டை ஓட்டியே காலம் போனது. மகன் குவைத்துக்குப் போய்ப் பத்து வருடம் தண்ணீர் லாரி ஓட்டினார். திரும்பும்போது அரபி எழுத்து வெளுத்துப்போன ஒரு தொப்பியும், வேலை முடிந்தால் "கலாஸ்" என்று சொல்லும் பழக்கமும், ஒரு வண்டி வாங்குமளவு சேமிப்பும் கொண்டுவந்தார். வாங்கியது ராணுவம் கழித்து ஏலம் விட்ட ஒரு டன் வண்டி. கூண்டை அறுத்து எறிந்தார். வில்பட்டைகளைக் கூட்டி உடலை ஒரு முழம் உயர்த்தினார். டிராக்டரிலிருந்து எடுத்ததோ என்று சந்தேகப்பட வைக்கும் டயர்களை மாட்டினார். முன்னாலிருந்து பார்த்தால் அது புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றில் இறங்கப் போகிறவளைப் போல இருக்கும்.

அவரை நல்ல ஓட்டுநர் என்று நான் சொல்ல மாட்டேன். கியர் மாற்றும்போது வண்டி இருமும். திருப்பங்களில் வண்டியோடு சேர்ந்து அவரும் சாய்வார். அவரே இதற்கு விளக்கம் வைத்திருக்கிறார். "குவைத்துல மேடே கெடையாது சார். பத்து வருசம் ஆண்ட் பிரேக்குல சோத்துப் பைய மாட்டி வெச்சிக்கினு ஓட்டினேன். அது பை மாட்டத்தான் வெச்சிருக்கான்னு நெனச்சேன். வந்து வண்டி வாங்கனேன் பாரு, மலையா பாத்து."

சமதரையின் மேல் அவருக்கிருந்த நம்பிக்கை அதன்பின் போய்விட்டது. எங்கே நிறுத்துவதானாலும் முதலில் பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீரைத் தரையில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்ப்பார். ஒருமுறை புத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், பந்தியில் உட்கார்ந்து, கை கழுவ வைத்திருந்த நீரைத் தரையில் விட்டுப் பார்த்தார். "கெழக்கால சாயுது" என்று என்னிடம் சொன்னார். ரசம் பரிமாறியபோது என் இலையில் அது நிரூபணமானது.

வள்ளியின் இடக்கை நடுவிரலில் நகம் இல்லை. அதற்கு முந்தைய ஆடியில், கல்லை வைக்கும் நேரத்தில் எத்திராஜின் கால் மிதியில் ஒரு கணம் வழுக்கிவிட்டது. வண்டி கையளவு பின்னால் வந்தது. விரற்கடை இடைவெளி விடும் வழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான். அதைப் பற்றி மட்டும் எத்திராஜ் நகைச்சுவையாக எதுவும் சொன்னதில்லை.

அந்த வருடம் எங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் ஆணை வந்தது. முழுப் பாரத்தோடு சரிவில், இன்ஜினை நிறுத்தி, கியரில் போடாமல், ஹேண்ட்பிரேக்கால் மட்டும் பத்து நிமிடம் நிற்காத வண்டிக்கு அடுத்த மாதம் முதல் வேலை இல்லை. எத்திராஜ் ஆணையைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு இருக்கையைத் தூக்கி, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினார். "இது நிக்கலன்னா நான் கெளம்பணும். மறுபடியும் தண்ணி லாரி."

"போறவரு அந்தக் கல்ல எடுத்துக்கினு போங்க. எனக்கு இன்னாத்துக்கு அது" என்றார் வள்ளி.

புத்தூரில் கிருஷ்ணப்பா என்ற மெக்கானிக்கின் ஷெட்டில் வேலை தொடங்கியது. அந்த வண்டியில் ஹேண்ட்பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீண்ட தண்டின் தலையில் ஒரு டிரம் இருக்கிறது, அதைத்தான் பிடிக்கும். பெட்டியில் கசிகிற எண்ணெய் நேரே அதற்குள் இறங்கியிருந்தது. கிருஷ்ணப்பா திறந்து பார்த்து, "இதி பிரேக்கு காது அண்ணா, வடை சட்டி" என்றார். இது பிரேக்கே இல்லையாம். கசிவை அடைத்துப் புதுப் பட்டை போட்டார். தார்ச்சாலைச் சரிவில் வண்டி நின்றது. எத்திராஜ் தேங்காய் உடைத்தார்.

மறுநாள் மலைப்பாதையில் ஒரு பின்சக்கரம் பாறையிலும் மற்றது சரளையிலும் இருக்கும்படி நிறுத்தினார். வண்டி நிதானமாகக் கீழே வந்தது. எத்திராஜ் அடுத்த தடவை கூட வந்திருந்த கிருஷ்ணப்பாவை ஓட்டச் சொல்லிவிட்டு, பாதையோரம் படுத்துக்கொண்டு அடியில் பார்த்தார். தண்டு அசையவில்லை. ஆனால் பாறைமேல் இருந்த சக்கரம் கீழ்நோக்கி உருள, சரளையில் இருந்தது எதிர்ப்பக்கம் சுற்றியது. இரண்டையும் அச்சுக்குள் இருக்கும் பற்சக்கரங்கள் அப்படிச் சுற்ற அனுமதிக்கின்றன.

"இது இன்னா நாயம் சார். ஒருத்தன் முன்னால போறான், ஒருத்தன் பின்னால போறான், நடுவுல இருக்கறவன் நான் ஆடவே இல்லன்னு சத்தியம் பண்றான். ஊரே சறுக்கிக்கினு வருது."

இதைவிடத் தெளிவாக ஒரு விளக்கத்தை அந்த வருடம் நான் வேறெங்கும் கேட்கவில்லை. படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

ஆக, பிரேக் சக்கரங்களுக்கே போக வேண்டும். சித்தூர் பழைய இரும்புக் கடையில், நொறுங்கிய வேன் ஒன்றின் பின்சக்கர பிரேக்குகளை ஹேண்ட்பிரேக் கேபிளோடு கழற்றி வந்தார்கள். கிருஷ்ணப்பா லேத்தில் தட்டுகள் கடைந்து அவற்றை இந்த அச்சில் பொருத்தினார். பழைய பேருந்தின் நெம்புகோல் ஒன்று உள்ளே வந்தது. எத்திராஜின் முழங்கையளவு நீளம். இரண்டு கேபிள்களையும் அதில் சேர்த்து முடுக்கி இழுத்தபோது இடது சக்கரம் இறுகியது, வலது சும்மா இருந்தது. வலதை முடுக்கினால் இடது தளர்ந்தது.

எத்திராஜ் மூன்று நாள் வண்டிக்கு அடியிலேயே கிடந்தார். நான்காம் நாள் உடைந்த வில்பட்டையில் ஒரு முழம் அறுத்து, நடுவில் ஒரு துளையும் முனைகளில் இரண்டு துளைகளும் போட்டுக் கொண்டுவந்தார். நடுத்துளையில் நெம்புகோல், முனைகளில் கேபிள்கள். இழுத்தால் பட்டை ஒரு பக்கம் சாய்ந்து, பின் நேராகி, இரண்டு சக்கரமும் ஒன்றாக இறுகின.

"நொகத்தடி சார். எங்க நைனா ஓட்டுவாரு. ஒரு மாடு சோம்பேறின்னா தடி சாயும், பாரம் போயி அது கழுத்துலயே உக்காரும். தப்பிக்க முடியாது."

கிருஷ்ணப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லா வண்டியிலும் இப்படி ஒன்று இருக்கிறது, கடையில் தனியாகவே கிடைக்கும் என்றார். எத்திராஜ் பட்டையைப் பிடுங்கிக்கொண்டார்.

"மூணு நாளு சோறு துன்னாம கண்டுபுடிச்சேன். அத எவனோ எங்க தாத்தா காலத்துலயே போட்டு வெச்சிருக்கான். ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நுவ்வு அடகலேது கதா அண்ணா" என்றார் கிருஷ்ணப்பா. நீ கேட்கவே இல்லையே.

ஆயுத பூஜை வந்தது. வண்டிக்கு மாலை போட்டு, ஸ்பானர்களை வரிசையாக வைத்து, புது நெம்புகோலுக்குச் சந்தனம் வைத்தார்கள். வள்ளி கல்லையும் கழுவி மஞ்சள் பூசி, அதன் சாய்ந்த முகத்தில் பெரிய குங்குமப் பொட்டு வைத்தார். அதற்கு இனி வேலை இல்லையே என்றேன். "இத்தினி நாளு யாரு நிறுத்தினாங்க?" என்றார்.

மறுநாள் காலை கார்வேட்டிநகரத்துக்கு அப்பால் ஒரு குன்றின் அடிவாரத்தில் சோதனை. இருபது மூட்டை சிமெண்டு. மேலே வழக்கம்போல் வள்ளி. ஒரு சக்கரம் பாறையில், ஒன்று சரளையில். தண்ணீர் ஊற்றிப் பார்க்க அவசியமில்லாத சரிவு. எத்திராஜ் வண்டியை நிறுத்தி, நெம்புகோலைப் பற்கள் கடகடக்க மேலே இழுத்தார். இன்ஜினை அணைத்தார். காலை எடுத்தார். நான் அவர் ஜன்னலோரம் நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பத்து நிமிடம் ஆயிற்று. வண்டி அசையவில்லை. பதினேழாவது வரியில் டிக் போட்டேன், கையெழுத்தும் போட்டேன். வாழ்க்கையில் முதன்முறையாக ஒன்றைச் சோதித்த பெருமையில், வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்ளப் பின்பக்கம் போனேன்.

பாறைமேல் இருந்த சக்கரத்துக்குக் கீழே கல் இருந்தது.

வள்ளி பக்கத்திலேயே நின்றிருந்தார். நான் கல்லைப் பார்ப்பதைப் பார்த்த பிறகுதான் அவரும் அதைப் பார்த்தார். "ஐயோ, வண்டி நின்னா கை தானா போவுதே" என்றார். "அவுரு கல்லுன்னு சொல்லக்கூட இல்ல."

எத்திராஜ் இறங்கி வந்தார். கல்லும் ஒருவகைப் பிரேக்தான், ஆணையில் கல்லைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்று ஒரு வாதம் எனக்குள் உடனே தயாரானது. வாதங்கள் தயாராகிற வேகத்தில் என் கால்கள் எங்கும் போனதில்லை. கையெழுத்துப் போட்டாயிற்று, இருக்கட்டும் என்று அவரிடம் சொன்னேன்.

"உங்களுக்கு இருக்கும் சார். பின்னால உக்காந்துக்கினு வர்றது அவ."

வள்ளி கல்லை எடுக்கக் குனிந்தார். "கைய எடு மே" என்றார் எத்திராஜ். அவர் அதட்டி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். வள்ளி கையை மடித்துக்கொண்டார்.

"கல்லு இறுகிக்கினு இருந்தா கல்லுதான் தாங்குது. ஆடிச்சின்னா பிரேக்கு." சொல்லிவிட்டு, வேலியிலிருந்து ஒரு கழியை உருவினார். சக்கரத்துக்குப் பக்கவாட்டில் தள்ளி நின்று, கைப்பிடி பெல்ட்டுக்குள் கழியை நுழைத்து இழுத்தார். கல் பாறையில் உரசிக்கொண்டு, தடையில்லாமல் வெளியே வந்தது. வண்டி அப்படியே நின்றது. வழக்கமான அந்த முனகலை நாங்கள் மூவருமே அன்று கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கல்லின் சாய்ந்த முகத்தில் குங்குமப் பொட்டு கலையாமல் வட்டமாக இருந்தது. டயர் அதைத் தொடவே இல்லை.

எனக்கு அது போதும். அவருக்குப் போதவில்லை. "அந்தத் தாள்ல அடிச்சிடுங்க சார். மொதல்லருந்து மணி பாருங்க."

டிக்கின் மேல் கோடு போட்டு அடித்தேன். அவர் கல்லைத் தூக்கி, சக்கரத்துக்குப் பின்னால், இத்தனை நாள் வள்ளி கல் வைக்கக் குந்திய இடத்தில் போட்டார். சரிவைப் பார்த்துத் திரும்பி அதன்மேல் உட்கார்ந்தார்.

"யோவ், எழுந்து வாய்யா" என்றார் வள்ளி.

"குவைத்த விட இது கிட்டதான். நீ போய் நெழல்ல நில்லு."

கடிகாரத்தைப் பார்த்தேன். எத்திராஜ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முதுகை டயரின் மேல் சாய்த்தார்.