வற்றாப்பளையில் ஒரு மதுரைக்காரி

சனிக்கிழமை. வற்றாப்பளை அம்மன் கோவிலடித் தேநீர்க் கடையில் நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். போரின் கடைசி நாட்களில் சனங்கள் கடந்து ஓடிய நந்திக்கடலின் காற்று முகத்தில் உப்பாக ஒட்டுகிறது.

நான் படிப்புக்காக மதுரையிலிருந்து வந்து, அக்கராயனில் ஒரு குடும்பத்தோடு தங்கியிருக்கிறேன். காலையில் புறப்படும்போது அந்த வீட்டு அக்கா சிரித்துக்கொண்டே எச்சரித்துத்தான் அனுப்பினார்: "கோவிலடியிலை உங்கட ஊரைச் சொல்லிப்போடாதேங்கோ. மதுரையை எரிச்சுப்போட்டு வந்து, அம்மாள் கோவம் ஆறின இடம் அது."

என்னோடு படிக்கும் ரம்யாவுக்கு வாயில் எதுவும் தங்காது. தேநீர் கொண்டுவரும் கடைக்கார அம்மாவிடம், "இவ மதுரைக்காரி, அம்மா" என்று போட்டுடைக்கிறாள். மற்றத் தோழி நிலா அதற்குள் சிரிக்கத் தொடங்கிவிடுகிறாள். வரப்போகும் கேலிக்கு நானும் தயாராகிறேன்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. தேநீரை வைத்துவிட்டு, ஒரு கதிரையை இழுத்துப்போட்டு என் எதிரே உட்காருகிறார்.

"எரிஞ்ச பிறகு சனங்கள் திரும்பி வந்ததுகளோ, பிள்ளை?"

மதுரையைப் பற்றி யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. மாட்டுத்தாவணி நெரிசல் நினைவுக்கு வருகிறது. நடுநிசியிலும் இட்லி வேகும் தெருக்கள் நினைவுக்கு வருகின்றன.

"ஆமாம்மா, வந்துட்டாங்க. இப்ப நடக்கவே இடமில்லாத கூட்டம்."

அவர் முகம் கொஞ்சம் தெளிகிறது. பிறகு மெதுவாகக் கேட்கிறார்.

"எல்லாரும் வந்ததுகளோ?"

எங்கள் ஊரில் அந்தக் கதையை நெருப்போடு முடித்துவிடுவோம். நிலாவின் சிரிப்பு நின்றுவிட்டது. தேநீர் ஆறுகிறது. அந்த அம்மா என் முகத்தையே பார்த்தபடி இருக்கிறார்.