வரட்டோ என்றொரு வண்டி

பலெர்மோவின் கபோ சந்தையில் நேற்று ஒரு கடைக் கதவுக்குப் பச்சை வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். கத்தரிக்காய் வாங்கப் போன நான், அந்த ஈர வாசனையில், நினைவில், மிரெல்லாவின் வண்டிக்குள் ஏறிவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் இத்தாலியின் இந்தப் பலெர்மோ நகரின் ஓரத்தில் ஒரு வில்லாவில் வீட்டு வேலை செய்தேன். அங்கே சமையலுக்கு இருந்தவ மன்னார் ராணியக்கா. அந்தக் குளிர்காலம் எதிர்வெளியில் ஜிப்சிகள் என்று ஊர் சொல்லும் ரோமா குடும்பம் ஒன்று குடைராட்டினத்தோடு வந்து தங்கியது. அவர்களிடம் ஒரு மரவண்டி இருந்தது: பச்சை உடல், மஞ்சள் சக்கரங்கள், கூரையில் புகைக்குழாய். முன்பு குதிரை இழுத்ததை இப்போது ஒரு சிறிய லொறி இழுத்தது.

மாலையில் வேலை முடிந்தால் வாசலில் நின்று, "அக்கா, அப்ப வரட்டோ?" என்பேன். "ஓம், போயிட்டு வா" என்பா ராணியக்கா. போகிறவள் அப்படிக் கேட்டால் பதில் சொல்லாமல் விடுவது எங்களில் இல்லை.

ஒருநாள் மிரெல்லா வீதியைக் கடந்து வந்தாள். என் வயதுதான் இருக்கும். "ஒவ்வொரு நாளும் வர்தோ, வர்தோ எண்டு கேக்கிறாய். வந்து பாரன்!" அவள் பேசியது இத்தாலியன், என் நினைவில் இப்படித்தான் இருக்கிறது.

வர்தோ என்றால் அவர்கள் பேச்சில் அந்த வண்டி. உள்ளே இரும்படுப்பு, சுவரில் குதிரையின் கழுத்துப்பட்டை, புதிதாகப் பூசிய கதவின் வாசனை. நான் கேட்டது வேறு என்று கோப்பி குடித்தபடி விளக்கினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "போகேக்கை 'வரட்டோ' எண்டோ கேப்பியள்? நல்ல சொல்லு!"

யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் பிழை திருத்தியவள் நான்; சொற்களில் கொஞ்சம் தலைக்கனம். மறுநாள் ராணியக்காவிடம் அடித்துச் சொன்னேன்:

"அக்கா, வர்தோ தமிழ்ச் சொல்லுதான்."

"ஓமடி, இத்தாலியனும் தமிழ்தான். பிறகேன் உனக்குக் கதைக்க வருதில்லை?"

பல வருடம் கழித்து அகராதி பார்த்தேன். ஈரானிய மொழியொன்றில் வண்டிக்கு இருந்த சொல்லை, இந்தியாவிலிருந்து மேற்கே வரும் வழியில் அவர்களின் முன்னோர் எடுத்துக்கொண்டார்களாம். பிழை திருத்தியவளின் பிழை.

நான் அங்கே போய்வருவது வீட்டுக்கார அம்மாவான சிஞ்ஞோராவின் கண்ணில் பட்டது. இன்னொரு தரம் அவர்களோடு பேசக் கண்டால் வேலை இல்லை என்றார். வேலை போனால், இந்த நாட்டில் தங்க விடும் பெர்மெஸ்ஸோவும் போகும்.

மார்ச்சில் ஒரு காலை லொறி உறுமியது. நான் மாடியில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். சிஞ்ஞோரா பின்னால் நின்றார். வண்டிப் படியில் நின்று மிரெல்லா மேலே பார்த்துக் கத்தினாள்: "வரட்டோ?"

வர்தோ அல்ல, வரட்டோ. கேள்வியாகவே கேட்டாள். நான் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தேன்.

அந்த வெளியில் இப்போது அடுக்குமாடி வீடுகள். மரவண்டி எதையும் பிறகு நான் பார்க்கவில்லை. நேற்று வர்ணம் பூசியவர் தூரிகையோடு திரும்பி, என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். அப்போதுதான் தெரிந்தது, வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன்:

"ஓம், போயிட்டு வா."