பெரிய வெள்ளி வரிசை

திருபுவனை கம்பெனியில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, எங்கள் பங்குக் கோயிலுக்குப் புதிதாக வந்த பாதிரியார் சாமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இளைஞர்கள் ஏன் பூசைக்கு வருவதில்லை என்று வீடு வீடாக எழுதி வாங்குகிறாராம். என்னிடமும் ஒரு தாளைக் கொடுத்தார். முதல் வரியில் பெயர், இரண்டாம் வரியில் தெரு, அதற்குக் கீழே காரணம்.

‘தெரு’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நடந்தது. பெரிய வெள்ளி. கோயில் முழுக்க மல்லிகையும் வியர்வையும் கலந்த வாடை. சிலுவையில் பாடுபட்ட இயேசு சுரூபத்தின் பாதத்தை முத்தி செய்ய வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. ஊர்த் தெருக்காரர்கள் எல்லோரும் முடித்த பிறகுதான் காலனிக்காரர்களான நாங்கள் போகவேண்டும். ஒவ்வொரு முத்தத்துக்கும் பிறகு பாதத்தைத் துடைக்கிற துணி, எங்கள் முறை வரும்போது பிழிகிற அளவுக்கு நனைந்திருக்கும். அன்று பசி தாங்காமல் நான் முன்னால் போய் வரிசையில் நுழைந்துவிட்டேன். பூசைக்கு உதவுகிற கோயில்பிள்ளை என் தோளைப் பிடித்துக் கூட்டிவந்து அம்மாவிடம் விட்டார்.

“கம்முனு நில்லுடி. நம்ப தெருவு கடைசியாத்தான் போவணும்.”

“ஏம்மா?”

 அம்மா என் முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள்.

அம்மா இன்றும் ஞாயிறு தவறாமல் போகிறாள். நான் போய் ஏழு வருடமாகிறது.

“இன்னாடி யோசிக்கிற? சாமி எவ்ளோ நேரம் உக்காந்துகினு இருப்பாரு?” என்றாள்.

பெயரை எழுதினேன். இரண்டாம் வரியில் ‘காலனி’ என்று எழுதினேன். காரணத்துக்கு விட்டிருந்த இடத்தில் ‘இரண்டாம் வரியைப் பார்க்கவும்’ என்று எழுதி, சாமியிடம் கொடுத்தேன்.