கடைசி வரியருகே ஒரு புள்ளி

எண்பதுகளின் கடைசியில் லண்டனில் நாங்கள் சிலர் மாதம் ஒரு தமிழ் இதழ் நடத்தினோம். தட்டச்சில் அடித்து, போட்டோக்கொப்பி எடுத்து, தபாலில் அனுப்புவோம். ஊரில் பத்திரிகையில் இருந்தவன் என்பதால் பக்கங்கள் என் பொறுப்பு. பிழை திருத்துபவர், மோர்டனில் எனக்குப் பக்கத்து அறையில் குடியிருந்த அண்ணை. யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். ஒற்றுப் பிழை ஒன்றும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

ஒரு மாதம், நூற்றறுபது ஆண்டுகளுக்கு முந்திய அயர்லாந்துத் தலைவர் ஒருவரைப் பற்றி எழுதினேன். என்னோடு வேலை செய்த ஐரிஷ்காரர் தேநீர் நேரத்தில் சொன்ன கதை, நூலகத்தில் சரிபார்த்துக்கொண்டேன். அந்தத் தலைவர் கத்தோலிக்கர். தேர்தலில் வென்றும் இந்த நகரத்துப் பாராளுமன்றத்தில் உட்கார முடியவில்லை. உட்கார வேண்டுமானால் தன் மதத்தின் வழிபாட்டைப் பழித்துச் சத்தியம் செய்ய வேண்டும். மறுத்தார். அடுத்த ஆண்டே கத்தோலிக்கருக்குக் கதவைத் திறந்த சட்டம் வந்தது. கட்டுரையை இப்படி முடித்திருந்தேன்: "சத்தியம் செய்து பிழைத்தவர்களை எவரும் நினைப்பதில்லை." அந்த வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை அண்ணை தாள்களைத் திருப்பித் தந்தார். பென்சிலால் பதினொரு திருத்தங்கள். கடைசி வரியருகே மட்டும் ஒரு புள்ளி. திருத்திப் பக்கத்தைத் தட்டச்சில் அடித்து முடித்தபின், ஞாயிறு காலை அந்தத் தாளை அவரிடம் காட்டிக் கேட்டேன்.

"இது என்ன குறி, அண்ணை?"

"ஒண்டுமில்லை. இதிலை பென்சில் நிண்டிட்டுது."

"வரி பிழையோ?"

"தமிழ் சரி, தம்பி. பேப்பர்காரன்ரை தமிழிலை நான் கை வைக்கிறதோ?" சிரித்துவிட்டுக் கேத்திலை அடுப்பில் வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அந்தாளுக்கு வோட்டுப் போட்ட சனத்துக்கு என்ன நடந்தது?"

எனக்குத் தெரியும். நிலச்சொந்தக்காரரை எதிர்த்து அவருக்கு வாக்களித்த சிறு குடியானவர்களின் வாக்குரிமை, அந்தச் சட்டத்தோடு சேர்ந்து வந்த இன்னொன்றால் பறிபோனது. இடம் போதாதென்று அந்தப் பந்தியை வெட்டியிருந்தேன். சொன்னேன்.

"அதையும் போடுமன்."

எண்பத்து மூன்றில், தனிநாட்டை ஆதரிக்கமாட்டேன் என்று அரசாங்க ஊழியர்கள் சத்தியம் செய்து ஒப்பமிட வேண்டுமெனச் சட்டம் வந்ததை நானே செய்தியாக எழுதியவன். அண்ணை ஒப்பமிட்டிருந்தார். ஆசிரியராயிருந்த அவருடைய தம்பி மறுத்து, வேலையை இழந்திருந்தார். இதை அன்றுதான் அறிந்தேன்.

"எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். ஒப்பம் வைச்சிட்டன். அவன் தனியாள், அவனுக்கு ஏலும். அண்டைக்கே என்னோடை கதையை விட்டவன். என்ரை காகிதம் ஒண்டுக்கும் பதில் போடேல்லை. எங்கடை இதழை மட்டும் மாதாமாதம் அனுப்புறனான். அதை வாசிக்கிறானாம்." கேத்தில் கொதித்தது. "அந்த வரியை எடுக்க ஏலாதோ, தம்பி?"

"பக்கம் போட்டோக்கொப்பிக்குப் போயிட்டுது, அண்ணை" என்றேன்.

பக்கம் என் கட்டிலுக்குக் கீழே கிடந்தது.

இதழ் வந்ததும் வழக்கம்போல ஒன்றை உறையிலிட்டு முகவரி எழுதினார். இந்த மாதம் அனுப்பாமல் விடலாமே என்றேன்.

"விட்டால், நான் செத்துப்போனன் எண்டு நினைப்பான்."

ஏழெட்டு வாரம் கழித்து ஒரு நீலக் கடிதம் வந்தது. அவருடைய தம்பியின் கையெழுத்து, பேச்சை விட்டபின் முதல் கடிதம். அண்ணை அதைப் பிரித்து வைத்துக்கொண்டு நான் எழும்பும்வரை காத்திருந்தார். இரண்டே வசனம். "கட்டுரை வாசித்தேன். எழுதியவர் சரியாகச் சொல்லியிருக்கிறார்."

"எண்டாலும் எழுதிப்போட்டான்" என்றார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனார்.

அடுத்த இதழின் முதல் பக்கத்தில் குடியானவர்களைப் பற்றிய பந்தியைப் போட்டேன். அண்ணைதான் பிழை திருத்தினார். அது ஊருக்குப் போய்ச் சேரவில்லை. மீண்டும் போர் தொடங்கித் தபால் நின்றுபோயிற்று. தபால் ஓடத் தொடங்கியபோது வாசிக்கத் தம்பி உயிரோடு இல்லை.

அண்ணை என்னைக் குறை சொன்னதில்லை. கட்டிலுக்குக் கீழே கிடந்த பக்கத்தைப் பற்றி நானும் அவரிடம் சொன்னதில்லை.