கார்த்திகேசு வளர்த்த கினிப்பன்றிகள்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் வட லண்டன் எட்மண்டனில் நான் யன்னல் போடாத தெரு கிடையாது. ஜேர்மனியில் பன்னிரண்டு வருடம் யன்னல் வேலை பழகி, லண்டனுக்கு வந்து, ஒரு பழைய வான் வண்டியோடு தனியாகத் தொடங்கி, நாலு அறை வீடும் வாங்கினேன். ஒருவரிடமும் போய்ப் பல்லிளித்ததில்லை. சண்முகராசா போட்ட யன்னலால் காற்று வருகிறது என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

இப்போது கார்த்திகேசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டு மேலறையில் மூன்று வருடம் வாடகைக்கு இருந்தவன். பாணும் கேக்கும் போடுகிற தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை. மெலிந்த மனிதன், நாற்பது வயது. எப்போது பார்த்தாலும் புருவத்தில் கொஞ்சம் மா ஒட்டியிருக்கும். மனைவி பிரிந்துபோய் லண்டனின் மறுகோடியில், டூட்டிங்கில் இருந்தாள். ஒரே மகள் கோசிகா, ஒன்பது வயது, தாயோடு. இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை தாய் அவளைக் கொண்டுவந்து வாசலில் விட்டுப் போவாள்.

தகப்பனுக்கு இங்கிலிஷ் வராது. மகளுக்குத் தமிழ் வராது. கட்டிலில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து டிவி பார்ப்பார்கள். இரண்டு மணியானதும் அவள், “அம்மா எப்ப வருவா?” என்று கேட்பாள். அந்தப் பிள்ளை முழுதாகப் பேசிய தமிழ் வசனம் அது ஒன்றுதான்.

ஒருநாள் தாய் போனில் சொல்லிவிட்டாளாம், பிள்ளைக்கு அங்கே அலுப்படிக்கிறது, இனி மாதத்துக்கு ஒருதரம் வந்தால் போதும் என்று. அதைக் கேட்டு ஒரு கிழமை அவன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பிறகுதான், 2008 செப்டம்பரில், ஒரு மட்டைப் பெட்டியோடு என் முன்னால் வந்து நின்றான்.

“அண்ணை, ரெண்டு கினிப்பண்டி வாங்கியிருக்கிறன். பிள்ளைக்குச் சரியான விருப்பம். அறைக்குள்ள வைக்கட்டோ?”

“என்னது? பண்டியோ?”

“சின்னன் அண்ணை. மணக்காது.”

“உன்ர அறைக்குக் கீழ என்ன இருக்கு, சொல்லு பாப்பம்?”

“சாமி அறை.”

“அப்ப அம்மனுக்கு மேல பண்டி நிண்டு மூத்திரம் பெய்யிறதோ?”

என் மனைவி நாகேஸ்வரி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ஒன்று மண்ணிறம், மற்றது வெள்ளை. வால் இல்லை. மூக்கு ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது.

“இஞ்சருங்கோ, இது பண்டி மாதிரியே இல்லையேப்பா.”

“பேர் பண்டியெண்டால் பண்டிதான். நீ போய் அடுப்பைப் பார்.”

“அடுப்பு கரண்ட் அடுப்பு. தன்னைத் தானே பாத்துக்கொள்ளும்,” என்றாள் அவள்.

நான் விடவில்லை. “யோசியாத, கார்த்திகேசு. பின்வளவில நான் கட்டித்தாறன் ஒரு வீடு. கவுன்சில்காரன் வந்து அனுமதி எடுத்தனியோ எண்டு கேப்பான், இருந்து பார்.”

சொன்னபடி கட்டினேன். நல்ல பலகை, தார்ச்சீட்டுக் கூரை, ஈரம் ஏறாமல் நாலு கால், முன்பக்கம் கம்பிவலை. கோசிகா அவற்றுக்கு பிஸ்கட், மில்க்கி என்று பெயர் வைத்தாள். அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளைச் சொல்லவேண்டும். வாசலில் இறங்கியதும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பின்வளவுக்கு ஓடுவாள். தகப்பன் கொத்தமல்லிக் கட்டோடு பின்னால் ஓடுவான். “அப்பா, கொத்தமல்லி தாங்கோ! அப்பா, இஞ்ச பாருங்கோ, மில்க்கி விசிலடிக்குது!” எங்கிருந்து வந்தது அவ்வளவு தமிழ்? தெரியாது. நவம்பரில் தாயே போன் பண்ணி, ஒவ்வொரு சனியும் வரட்டும் என்றாள். அன்று கார்த்திகேசு என் மனைவிக்கு ஒரு பெரிய கேக் வாங்கிவந்து கொடுத்தான்.

டிசம்பரில் குளிர் இறுகியது. கோசிகா பள்ளிக்கூட நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்திருந்தாள். கார்த்திகேசு அதை விரித்துப் பிடித்துக்கொண்டு திரும்பவும் என்னிடம் வந்தான்.

“குளிருக்கு வீட்டுக்குள்ள எடுக்க வேணுமாம் அண்ணை. படமும் போட்டுக் கிடக்கு.”

“புத்தகம் எழுதினவன் நான் போட்ட யன்னல் ஒண்டையும் பாத்திருக்க மாட்டான்,” என்றேன்.

அந்த ஞாயிறு முழுக்க நின்று வேலை செய்தேன். சுற்றிவர உள்ளுக்குத் தடித்த நுரைப்பலகை. கம்பிவலைக்கு மேல் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தகடு. மூலை மூட்டெல்லாம் சிலிக்கன் பூசி இழுத்தேன். கார்த்திகேசு விளிம்பைத் தடவிப் பார்த்தான்.

“மூச்சு விடுமோ அண்ணை?”

“சாப்பாடு வைக்கக் கதவு திறப்பாய்தானே, அப்ப விடட்டும்.”

அவன் சிரித்தான். நான் சொன்னதால் சிரித்தான்.

ஜனவரியில் அந்தத் தகட்டின் உட்பக்கம் நீர்த்துளி கட்டி வழிந்தது. உள்ளே நல்ல சூடு என்று நான் சந்தோஷப்பட்டேன். அறையை முற்றாக அடைத்தால் சுவர் வியர்க்கும், பூஞ்சணம் பிடிக்கும், பிள்ளைகளுக்கு நெஞ்சுச்சளி வரும், யன்னலுக்கு மேலே காற்றுத் துவாரம் வையுங்கள் என்று எத்தனை வீட்டுக்காரருக்குச் சொல்லியிருப்பேன். தொழில் தெரிந்தவன் நான். எனக்கு அது அப்போது தோன்றவில்லை.

பெப்ரவரி தொடக்கத்தில் அந்தப் பெரிய பனி கொட்டியது. திங்கட்கிழமை லண்டனில் பஸ் ஒன்றும் ஓடவில்லை. கார்த்திகேசு வேலை முடிந்து இரண்டரை மணித்தியாலம் நடந்து வந்தான். வந்தவன் வீட்டுக்குள் வராமல் நேரே பின்வளவுக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் நாகேஸ்வரி என்னைக் கூப்பிட்டாள். பிஸ்கட் விறைத்துக் கிடந்தது. மில்க்கி அவனுடைய ஜாக்கெட்டுக்குள் இருந்தது. அது மூச்சு இழுக்கும்போது சர்சர் என்று சத்தம் கேட்டது. உள்ளே போட்டிருந்த புல் பிழிந்தால் தண்ணீர் வரும்போல் இருந்தது.

என் வானில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். இளம் வெள்ளைக்காரி. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, ஈரக் காற்றில் நுரையீரல் பழுதாகிவிட்டது என்றாள். ஏன் வீட்டுக்குள் வைக்கவில்லை என்று கேட்டாள். நான்தானே இங்கிலிஷ் பேசுகிறவன். சாமி அறைக்கு மேலே பன்றி வைக்க முடியாது என்று எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். அவள் விளங்காமல் என்னைப் பார்த்தாள். இது பன்றியே இல்லை, பெயர் மட்டும்தான் அப்படி, இது எலியின் இனம் என்றாள்.

எலி. பிள்ளையாருடைய வாகனம். எலி என்று அவன் சொல்லியிருந்தால் சாமி அறைக்குள்ளேயே ஒரு மூலை கொடுத்திருப்பேன். கார்த்திகேசு என் முகத்தைப் பார்த்து, “என்ன அண்ணை சொல்லுறா?” என்றான். “மருந்து தருவாவாம்,” என்றேன்.

வியாழக்கிழமை, அவனுடைய கட்டிலில், அவனுடைய கம்பளிச் சட்டைக்குள் மில்க்கியும் போய்விட்டது.

சனிக்கிழமை கோசிகா வந்தாள். ஓடிப்போனாள், வெறும் கூட்டைப் பார்த்தாள், திரும்பி வந்தாள். குசினிக்குள் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். அவள் அழவில்லை.

“அப்பா, புக் காட்டினனான்தானே? ஏன் உங்கட ரூம்ல வைக்கேல்லை?”

நான் வாயைத் திறந்தேன். கார்த்திகேசு முந்திக்கொண்டான். “அப்பா மறந்துபோனன், ராசாத்தி.”

“மறந்துபோனீங்களோ?” பிறகு இங்கிலிஷில் ஏதோ வேகமாகச் சொன்னாள். அவனுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. உங்களுக்கு எதிலும் அக்கறை இல்லை என்றாள். வாசற்படியில் போய் இருந்து, தாய் வரும்வரை எழும்பவில்லை.

அவள் போனபின், “நான் போன் எடுத்து உண்மையைச் சொல்லுறன், பிழை என்னில,” என்றேன்.

“வேண்டாம் அண்ணை.”

“ஏன்ரா? உன்னிலயெல்லோ கோவிச்சுக்கொண்டு போறாள்?”

“கோவம் ஆறும். வீட்டுக்காரர் விடேல்லை எண்டு சொன்னால், அப்பாவுக்கு ஒரு எலிக்குட்டியை வைக்கக்கூட லண்டனில இடமில்லை எண்டு அவளுக்கு விளங்கிப்போடும். அதை அவள் அறிய வேண்டாம்.”

என்னை எதிர்த்து ஒரு சொல் அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அடுத்த சனி தாய் போன் எடுத்தாள். மகளுக்கு நீச்சல் வகுப்பாம். “ஓம், ஓம், பழகட்டும்,” என்றான் கார்த்திகேசு. அதற்கடுத்த சனி ஏதோ பிறந்தநாள் விழா. பிறகு போனும் வரவில்லை. ஆனாலும் சனிக்கிழமைகளில் அவன் சவரம் செய்து, சேட்டு மினுக்கிப் போட்டு, வாசல் பக்கமாகவே நிற்பான். ஏதும் வேலை இருக்கிறதா என்று என்னிடம் கேட்டு, மதில் ஓரம் கூட்டுவான். நாகேஸ்வரி சாப்பிடக் கூப்பிட்டால், “இப்ப வாறன் அக்கா,” என்று சொல்லித் தெருவைப் பார்ப்பான்.

மே மாதம் தொழிற்சாலையில் கேட்டு, சனிக்கிழமைக்கும் ஷிப்ட் எடுத்துக்கொண்டான்.